கோல்டன் டோபாஸ், ஸ்மோக்கி டோபாஸ், கிரீன் அமெதிஸ்ட்... இதெல்லாம் குவார்ட்ஸ் தானா? லூஸ் கல்லு வாங்க விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தக்கலை நிஷா:

வணக்கம் மக்களே. நான் தக்கலைல வீட்ல இருந்தே வெள்ளில கம்மல், பெண்டன்ட் எல்லாம் செய்ய வச்சு இன்ஸ்டால விக்குதேன். வெள்ளி வேலைய வடசேரில ஒரு ஆசாரி செஞ்சு தாராரு, கல்லு மட்டும் நான் வாங்கிக் கொண்டு கொடுக்கணும். இதுவரைக்கும் கெம்பும் அமெரிக்கன் டயமண்டும்தான் வச்சது, அதுல ஒரு தலைவலியும் இல்ல, பாக்கெட் கணக்குல வாங்கலாம், ஒண்ணு உடைஞ்சா அடுத்தத எடுத்து வைக்கலாம். இப்போ மெசேஜ் பண்ணுறவங்க எல்லாம் நேச்சுரல் கல்லு இருக்கா, அமெதிஸ்ட் இருக்கா, ரோஸ் குவார்ட்ஸ் இருக்கான்னுதான் கேக்குதாங்க.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவ கூட்டிட்டு கன்னியாகுமரிக்கு போயிருந்தேன், பகவதி அம்மன தொழுதுட்டு வரும்போது கடைத்தெருவுல ஒரு கடைல சங்கு, சிப்பி, கலர் மணல் பாக்கெட்டுக்கு நடுவுல ஒரு தகர டப்பா நிறைய பட்டை தீட்டின கல்லு வச்சிருந்தாங்க. அமெதிஸ்ட் காரட் 150, கோல்டன் டோபாஸ் காரட் 400, ஸ்மோக்கி டோபாஸ் 200, கிரீன் அமெதிஸ்ட் 250ன்னு சொன்னாரு. அப்புறம் ரோஸ் குவார்ட்ஸ், நல்ல வானக் கலர்ல புளூ குவார்ட்ஸ், நடுவுல கோடு ஓடுற வைடூரியம். "எல்லாமே குவார்ட்ஸ் ஃபேமிலிதான் மேடம்"னு ஒரு பக்கம் சொல்லுதாரு, அடுத்த நிமிஷம் டோபாஸ்ங்காரு, டோபாஸும் குவார்ட்ஸும் ஒண்ணா? ஒண்ணுன்னா ஒண்ணுக்கு 150, இன்னொண்ணுக்கு 400 ஏன்? ஜெய்ப்பூர்ல ஒரு ஆன்லைன் பார்ட்டி இதே கல்ல லாட்டா எடுத்தா பாதி விலைக்கு தாறேங்காங்க, அவங்க லிஸ்ட்ல "ஹைட்ரோ குவார்ட்ஸ்"னு வேற ஒரு ஐட்டம் இருக்கு, அது என்னன்னு தெரியல.

அம்மா அங்கயே ஒரு ஸ்படிக மாலை வாங்கிட்டாங்க, அது ஒரிஜினலான்னு வீட்ல பார்க்க வழி உண்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், எனக்க கைக்காசுதான் போடணும்.

கல்லுப்பைத்தியம் நாகர்கோவில்:

கொள்ளாம், டப்பாவ பாத்ததும் வாங்கிப் போடாம கேட்டீங்களே அதுவே நல்லது. கடைக்காரர் சொன்னதுல பாதி சரி, பாதி வியாபாரம்.

குவார்ட்ஸ்னா சிலிக்கான் டையாக்சைடு, அவ்வளவுதான். நம்ம பக்கம் குவாரி ஓரத்துல கெடக்குற வெள்ளாரங்கல்லும் அதுதான், ஸ்படிகமும் அதுதான், அமெதிஸ்டும் அதுதான். மட்டி, ஏத்தன், பேயன், செந்துழுவன் எல்லாம் வாழைதான், ஆனா ஒரே விலைக்கு தருவாங்களா, அந்த மாதிரி வச்சுக்கிடுங்க. டோபாஸ் இந்தக் குடும்பமே கிடையாது. அது அலுமினியமும் ஃபுளோரினும் சேர்ந்த வேற கனிமம், கீறல் தாங்குற கடினம் பத்துக்கு 8, குவார்ட்ஸுக்கு 7. அடர்த்தியும் (அதாவது தண்ணிய விட எத்தன மடங்கு கனம்னு) டோபாஸுக்கு 3.5 பக்கம், குவார்ட்ஸுக்கு 2.65தான். அதனால ஸ்மோக்கி டோபாஸ்னு ஒரு கல்லு சந்தைல வந்தா அது ஸ்மோக்கி குவார்ட்ஸ், கோல்டன் டோபாஸ்னா நூத்துக்கு தொண்ணூறு சிட்ரின், அதாவது மஞ்சள் குவார்ட்ஸ். நீங்க கேட்ட 150க்கும் 400க்கும் நடுவுல இருக்கிறது பெரும்பாலும் அந்தப் பேருக்கான காசு.

இன்னொண்ணு கேளுங்க. சந்தைல இருக்கிற சிட்ரின்ல பெரும்பகுதி அமெதிஸ்ட்ட சுட்டு எடுத்ததுதான். அமெதிஸ்ட்டுக்கு ஊதா வர்றதுக்கு காரணம் உள்ள இருக்கிற துளி இரும்பும், பூமிக்குள்ள கெடக்கும்போது பட்ட இயற்கைக் கதிர்வீச்சும். அத 400, 500 டிகிரிக்கு சூடாக்கினா ஊதா போயி மஞ்சளோ, ஆரஞ்சு கலந்த பழுப்போ வரும். பூமிலயே மஞ்சளா பிறக்குற சிட்ரின் குறைவு, அது வெளுத்த மஞ்சளாதான் இருக்கும். சுட்டதுனால அது போலி ஆயிராது, கல்லு கல்லுதான், கலரும் நிக்கும், ஆனா கஸ்டமர்கிட்ட ஹீட்டட்னு சொல்லி விக்கணும். கிரீன் அமெதிஸ்ட்டும் அப்படித்தான், அதுக்க பேரு பிராசியோலைட், பிரேசில்ல மொண்டெசூமா பக்கம் கெடைக்கிற அமெதிஸ்ட்ட சுட்டா பச்சையாகும், இப்போ கதிர்வீச்சு கொடுத்தும் பச்சையாக்குதாங்க. ஸ்மோக்கிய பொறுத்தவரைக்கும் நிறமில்லாத ஸ்படிகத்துக்கு கதிர்வீச்சு கொடுத்து கறுப்பாக்குறது சாதாரணம். உடனே பயந்துராதீங்க, காமா கதிர் கொடுத்த குவார்ட்ஸ் கதிர வெளிய விடாது. மணவாளக்குறிச்சி மணல்ல கதிர்வீச்சு உள்ள மோனசைட்ட வச்சுக்கிட்டு தலைமுறையா இருக்கிற நாம இதுக்கெல்லாம் பயப்படலாமா 😄

ரோஸ் குவார்ட்ஸ் எப்பவும் கொஞ்சம் பால் கலந்த மாதிரி மங்கலாத்தான் இருக்கும், உள்ள மெல்லிய நார் மாதிரி கனிமம் நெறைய இருக்கிறதுனால. கண்ணாடி மாதிரி தெளிவா, அடர்த்தியான ரோஸ் கலர்ல, குறைஞ்ச விலைக்கு தந்தா எடுக்காதீங்க. வானக் கலர் புளூ குவார்ட்ஸ் எனக்கு கேட்டதுமே சந்தேகம், தெளிவான நீல குவார்ட்ஸ் அப்படி டப்பா டப்பாவா வராது. செர்ரி குவார்ட்ஸ், ஸ்ட்ராபெரி குவார்ட்ஸ்னு வர்றதுல பெருவாரி கண்ணாடி. மினுமினுன்னு செம்புத் துகள் இருக்கிற கோல்ட்ஸ்டோன் முழுக்கவே கண்ணாடிதான். ஜெய்ப்பூர் லிஸ்ட்ல ஹைட்ரோ குவார்ட்ஸ்னு போட்டிருந்தா அதுவும் பெரும்பாலும் கலர் கண்ணாடிதான், பேருல மட்டும் குவார்ட்ஸ்.

ஓனிக்ஸ், அகேட், கார்னீலியன், ஜாஸ்பர் எல்லாமும் குவார்ட்ஸ்தான், ஆனா கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடி படிகமா சேர்ந்தது. அது துளை உள்ளதுனால சாயம் நல்லா பிடிக்கும். கடைல கெடைக்கிற கறுப்பு ஓனிக்ஸும் பச்சை ஓனிக்ஸும் பெரும்பாலும் சாயம் ஏத்தினதுன்னே நெனச்சு வாங்குங்க. இந்த வகைக்கு குஜராத்துல கம்பாத் பேர் போன ஊரு. நம்ம தமிழ்நாட்டுலயும் சும்மா இல்ல, ஈரோடு மாவட்டத்துல நொய்யல் கரைல கொடுமணல்னு ஒரு இடம், தோண்டினப்போ கார்னீலியன், அமெதிஸ்ட், ஸ்படிகம், பெரில் எல்லாம் மணியும் பாதி செஞ்ச துண்டுமா கெடைச்சுது, கல்லு மணி செய்ற பட்டறையே அங்க இருந்திருக்கு.

விலை எப்படிப் போகும்னா, வைரம் மாணிக்கம் மாதிரி கல்லு பெருசாக ஆக காரட் ரேட்டு தாவாது, ஏன்னா குவார்ட்ஸ் பெரிய பெரிய படிகமாவே நெறைய கெடைக்குது. அமெதிஸ்ட்ல காசு கலருக்குத்தான், நல்ல ஆழமான ஊதா, திருப்பினா லேசா சிவப்பு மின்னுனா அதுக்கு கூடுதல் கொடுக்கலாம். ஒரு காலத்துல அமெதிஸ்ட் பெரிய விலைல இருந்த கல்லு, பிரேசில்லயும் உருகுவேலயும் மலை மலையா கண்டுபிடிச்ச பிறகுதான் இறங்கினது.

குளச்சல் ராஜா:

கல்லுப்பைத்தியம் அண்ணன் சொன்னது எல்லாம் கரெக்ட். மாலைக்கு நான் சொல்லுதேன் அக்கா. கடைக்காரன் ரெண்டு மணிய இருட்டுல உரசிக் காட்டி பொறி வருது பாருங்கம்பான், அத நம்பி வீட்ல போயி உரசாதீங்க, பாலிஷ் போயிரும். தொட்டா ஜில்லுன்னு இருக்கும்னு சொல்லுறது உண்மைதான், குவார்ட்ஸ் கண்ணாடிய விட கையிலேருந்து சூட்ட சீக்கிரம் இழுக்கும், ஆனா பழக்கம் இல்லாதவங்களுக்கு வித்தியாசம் புடிபடாது, ஏசி ரூம்ல வச்சிருந்தா கண்ணாடியும் ஜில்லுன்னுதான் இருக்கும்.

வீட்ல லேப்டாப் இருக்கா? போலரைஸ்டு கூலிங் கிளாஸ் யார்கிட்டயாவது இருக்கா? ஸ்கிரீன்ல வெள்ளைப் பக்கத்த ஃபுல் வெளிச்சத்துல வைங்க. கூலிங் கிளாஸ முன்னால புடிச்சு மெதுவா சாய்ச்சுக்கிட்டே வாங்க, ஒரு இடத்துல ஸ்கிரீன் கறுப்பாயிரும். அப்படியே கிளாஸ அசைக்காம இன்னொருத்தர புடிக்கச் சொல்லிட்டு ஸ்கிரீனுக்கும் கிளாஸுக்கும் நடுவுல மணியப் புடிச்சு திருப்புங்க. கண்ணாடின்னா கறுப்பாவே கெடக்கும், மிஞ்சிப்போனா பாம்பு நெளிஞ்ச மாதிரி லேசா ஒரு மங்கல் தெரியும். ஸ்படிகம்னா ஒரு முழுச் சுத்துக்கு நாலு தடவ வெளிச்சம் நாலு தடவ இருட்டுன்னு மாறி மாறி வரும். ஒரே ஒரு திசைல மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, படிகத்தோட நீள அச்சு வழியா பாத்தா அந்த மாத்தம் வராது, அதுக்குப் பதிலா வட்ட வட்டமா கலர் வளையம் தெரியலாம், அதுவும் நல்ல அடையாளம்தான். அதனால ஒவ்வொரு மணியையும் ரெண்டு மூணு பக்கமா வச்சுப் பாருங்க.

அப்புறம் பெட்டில "கே9 கிரிஸ்டல்"னு எழுதியிருந்தா அது கண்ணாடி, டெஸ்ட்டே தேவயில்ல.

பத்மநாபபுரம் பத்மா:

நானும் ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எங்க வீட்டுக்காரருக்கு ஜோசியர் கனக புஷ்பராகம் போடச் சொன்னாரு, கடைல இதே மாதிரி மஞ்சள் கல்லத்தான் புஷ்பராகம்னு தந்தாங்க, பில்லுல "எல்லோ ஸ்டோன்"னு மட்டும் எழுதியிருந்தாங்க. இது சிட்ரினா இருக்குமா? ராசிக்கு சிட்ரின் போட்டா பலன் இல்லையா?

கல்லுப்பைத்தியம் நாகர்கோவில்:

பத்மாக்கா, பலன் பத்தி ஜோசியர்ட்டதான் கேக்கணும், எனக்கு கல்லு மட்டும்தான் தெரியும். புஷ்பராகம்னு ஜோசியத்துல சொல்லுறது மஞ்சள் சஃபையர், அதாவது நீலம், மாணிக்கம் இருக்கிற அதே குரண்டம் இனம், கடினம் 9, அடர்த்தி 4. சிட்ரின உபரத்தினம்னு சொல்லி கொடுத்தா பரவால்ல, புஷ்பராகம்னு சொல்லி புஷ்பராக விலை வாங்கினாத்தான் தப்பு. "எல்லோ ஸ்டோன்"ங்கறது பில்லே இல்ல, மஞ்சளா இருக்குன்னு உங்களுக்கும் கண்ணு தெரியும்லா. நல்ல லேப்ல கொடுத்து ரிப்போர்ட் வாங்குங்க, அந்த விலைக் கல்லுக்கு லேப் செலவு பெருசில்ல.

தக்கலை நிஷா:

ராஜா தம்பி ரொம்ப நன்றி, தம்பிக்க கூலிங் கிளாஸ வாங்கி பாத்தோம். அம்மாக்க மாலைல மணியெல்லாம் மாறி மாறி வெளிச்சம் வருது, கொக்கி பக்கத்துல இருக்கிற மணி மட்டும் எப்படித் திருப்பினாலும் கறுப்பு. அம்மா கடைக்காரன ரெண்டு வார்த்த திட்டிட்டு மாலைய போட்டுக்கிட்டாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு. அந்தக் கோடு ஓடுற வைடூரியம் எப்படி? அது மட்டும் காரட்டுக்கு சொல்லாம ஒரு கல்லு 1,200ன்னாரு, தேன் கலர்ல, கோடு நூல் புடிச்ச மாதிரி நேரா இருந்துது. அப்புறம் டோபாஸா சிட்ரினான்னு நானே பாக்க வழி இருக்கா? எனக்க கிட்ட வெள்ளி நிறுக்குற சின்ன டிஜிட்டல் தராசு உண்டு, 0.01 கிராம் வரைக்கும் காட்டும்.

கல்லுப்பைத்தியம் நாகர்கோவில்:

தராசு இருந்தா போதும். சின்ன டம்ளர்ல தண்ணி எடுத்து தராசு மேல வச்சு ஜீரோ பண்ணுங்க. கல்லத் தனியா நிறுத்து எழுதி வச்சுக்கிடுங்க. அப்புறம் மெல்லிசான நூல்ல கல்லக் கட்டி தண்ணிக்குள்ள முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடிலயும் ஓரத்துலயும் முட்டக்கூடாது, கல்லுல காத்துக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போ தராசு காட்டுறது கல்லு ஒதுக்குன தண்ணிக்க எடை. கல்லோட எடைய அதால வகுத்தா அடர்த்தி. உதாரணத்துக்கு கல்லு 2.12 கிராம், தராசு 0.80 காட்டினா 2.65, குவார்ட்ஸ். அதே எடைல டோபாஸ்னா 0.60தான் காட்டும். அஞ்சு காரட்டுக்கு, அதாவது ஒரு கிராமுக்கு கீழ உள்ள சின்னக் கல்லுக்கு இது சரிவராது, 0.01 தவறினாலே கணக்கு எங்கயோ போயிரும், ஒரே மாதிரி நாலஞ்சு கல்ல சேர்த்துக் கட்டிப் பாக்கலாம். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம் வரும், குவார்ட்ஸுக்கு ரொம்ப கிட்ட, அதனால கண்ணாடிய புடிக்க ராஜா சொன்ன லேப்டாப்தான்.

வைடூரியம் சமாச்சாரம் கொஞ்சம் பெருசு. அசல் வைடூரியம் கிரைசோபெரில், குவார்ட்ஸ் இல்லவே இல்ல, கடினம் 8.5, அடர்த்தி 3.7. அது நமக்கு பக்கத்துலயே, திருவனந்தபுரம் மாவட்டத்துல கெடைக்கிற கல்லு, அதனாலயே இங்க யாரு வேணும்னாலும் "லோக்கல் கல்லு, எங்க ஊர்ல தோண்டினது"ன்னு கத சொல்லி வித்துரலாம். குவார்ட்ஸ்லயும் பூனைக்கண் உண்டு, உள்ள நார் மாதிரி இழை வரிசையா இருந்தா கோடு விழும், ஆனா அது பொதுவா கொஞ்சம் அகலமா, கலங்கலா இருக்கும், விலை எங்கயோ கீழ. மூணாவது ஒண்ணு, அதுதான் எனக்கு இதுல பயம், கண்ணாடி இழைய கட்டுக் கட்டா உருக்கி ஒட்டி செய்றது. கோடு அளவுக்கு மீறி நேரா, கூர்மையா இருக்கும். அத லூப் (நகைக்காரங்க வச்சிருக்கிற சின்ன பூதக்கண்ணாடி) வச்சு மேல பாக்காதீங்க, கோட்டுக்கு குறுக்கால இருக்கிற ரெண்டு பக்கவாட்டுல பாருங்க, இழையோட முனை அங்கதான் இருக்கும். பத்து மடங்கு லூப்ல தேனடை மாதிரி குட்டிக் குட்டி அறுகோணம் வரிசையா தெரிஞ்சா முடிஞ்சுது, அது கண்ணாடி இழை. லூப் இல்லன்னா ஒண்ணு வாங்கி வைங்க, இந்தத் தொழில்ல அது இல்லாம முடியாது. கண்ணாடிக்குள்ள உருண்டைக் குமிழி, பாகு கலக்கின மாதிரி சுழி தெரியும். அமெதிஸ்ட்ல கல்லக் கவுத்து வெள்ளப் பேப்பர் மேல வச்சா ஊதா ஒரே சீரா இல்லாம நேர்கோடும் முனையுமா பட்டை பட்டையா பிரிஞ்சு தெரியும்.

ஒரே சிக்கல் லேப்ல வளர்த்த அமெதிஸ்ட். அதுவும் குவார்ட்ஸ்தான், தராசும் லேப்டாப்பும் ஒண்ணும் சொல்லாது, லூப்ல புடிக்கிறதும் கஷ்டம், இன்ஃப்ராரெட்ல பாக்குற பெரிய லேப்புக்குத்தான் புடிபடும். 150 ரூபாய்க் கல்லுக்கு லேப் ரிப்போர்ட் கட்டுப்படி ஆகாது. அதனால விக்கிற ஆளுதான் முக்கியம். பில்லுல "நேச்சுரல் அமெதிஸ்ட்", "நேச்சுரல் சிட்ரின், ஹீட்டட்"னு கல்லு கல்லா எழுதித் தாறேன்னு ஒத்துக்கிடுதானான்னு கேளுங்க, அப்படிக் கேட்டதும் பாதிப் பேரு ரேட்ட மாத்துவாங்க, அதுலயே வெளங்கிரும்.

வடசேரி வேலைக்காரன்:

கல்லு பதிக்கிறதுதான் எனக்க வேல, அந்தப் பக்கத்துலேருந்து சொல்லுதேன் தங்கச்சி. வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்க ஆசாரிட்ட அளவு கேட்டுட்டு போங்க. டப்பால கைக்கு வந்த கல்ல பொறுக்கினா ஒண்ணு 7.8 மி.மீ., இன்னொண்ணு 8.3ன்னு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித் தனியா கூடு கட்டணும், கூலி கல்லு விலைய தாண்டிரும். 8க்கு 6 ஓவல், 6 மி.மீ. ரவுண்டுன்னு அளவெடுத்து வெட்டின கேலிபிரேட்டட் கல்லு கேளுங்க, கம்மலுக்கு ஜோடி கலர் சேர்த்தே வாங்குங்க, அப்புறமா ஜோடி தேடினா ஆயுசுக்கும் கெடைக்காது. காரட் ரேட்டுல விக்கிறதுனால அடி வயிற சும்மா பெருசா விட்டு எடை ஏத்தியிருப்பாங்க, அத நீங்க காசு கொடுத்து வாங்கி வெள்ளிக்குள்ள ஒளிச்சு வைக்கணும். நேர் எதிரா அடி ஆழமே இல்லாம வெட்டினதும் உண்டு, அந்தக் கல்ல பேப்பர் மேல வைங்க, நடுவுல எழுத்து வாசிக்க முடிஞ்சா அது ஓட்டக் கல்லு, போட்டா மின்னாது, தோலுதான் தெரியும்.

அப்புறம் முக்கியமா நெருப்பு. அமெரிக்கன் டயமண்ட வச்சுக்கிட்டே சில ஆளுக டார்ச் அடிப்பாங்க, அந்தப் பழக்கத்துல அமெதிஸ்ட்ட வச்சுக்கிட்டு பத்த வைக்க, அதாவது சூடாக்கி வெள்ளிய ஒட்ட வைக்கக் கூடாது. வெள்ளிய ஒட்ட வைக்கிற பொடி (சால்டர்) உருகுறதுக்கு 600 டிகிரிக்கு மேல வேணும், குவார்ட்ஸ் 573 டிகிரில உள்ளுக்குள்ளயே மாறும், சூடும் குளிரும் மாறி மாறி பட்டா விரிசல் விடும், அதுக்கு முன்னாடியே ஊதா வெளுத்துப் போயிரும். பத்த வைக்கிற வேல எல்லாம் முடிச்சு, கழுவி, பாலிஷ் அடிச்ச பெறகு கடைசில கல்ல வச்சு கூட்ட மடக்கணும். ரிப்பேருக்கு வந்தாலும் கல்லக் கழட்டிட்டுதான் பத்த வைக்கணும், இத ஆசாரிட்ட சொல்லி வைங்க, கோவிச்சுக்கிட மாட்டாரு.

கம்மலுக்கும் பெண்டன்ட்டுக்கும் குவார்ட்ஸ் தாராளமா போதும். மோதிரத்துக்கு கேட்டா நாலு பக்கமும் விளிம்பு மூடுற மாதிரி கூடு கட்டச் சொல்லுங்க, தெருப் புழுதில இருக்கிறதே குவார்ட்ஸ் பொடிதான், தினமும் போட்டா பட்டை முனை தேயும்.

தக்கலை நிஷா:

அண்ணே இது பெரிய உபகாரம், டார்ச் விஷயம் எனக்கு தெரியவே தெரியாது. அப்போ ஜெய்ப்பூர் பார்ட்டிட்ட ஹைட்ரோவ விட்டுட்டு, 8க்கு 6 ஓவல் அமெதிஸ்ட் பத்து ஜோடி, சிட்ரின் அஞ்சு ஜோடி மட்டும் சாம்பிளுக்கு கேக்குதேன், பில்லுல நேச்சுரல், ஹீட்டட் எல்லாம் எழுதணும்னு சொல்லி. ரிட்டர்ன் இல்லன்னு சொன்னா?

குளச்சல் ராஜா:

ரிட்டர்ன் இல்லன்னா வேற ஆளப் பாருங்கக்கா, ஜெய்ப்பூர்ல கல்லு விக்கிறவங்களுக்கா பஞ்சம். பார்சல் வந்ததும் வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. அமெதிஸ்ட்ட போட்டோ எடுக்கணும்னு மொட்ட மாடி வெயில்ல காய வச்சிராதீங்க, ரொம்ப நாள் வெயில் பட்டா கலர் மங்கும், டப்பால போட்டு அலமாரில வைங்க.